ஸ்க்ரூவுக்குக் காசு வாங்காதவர்

தையல்கார அக்காவின் இடது கண் போனதற்குக் கண்ணாடிக்காரரை யாரும் குறை சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை, தெருவில் யாரும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரரின் மனைவி மட்டும் ஒரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். ஆனாலும் மனுஷனுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அந்தக் கண் பதினோரு வருஷமாகத் தன் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்திருந்ததையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் வைத்திருந்தது மூக்குக்கண்ணாடிக் கடை. ஜெராக்ஸ் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்த கடை அது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டியதுதான். சுவர் முழுக்க பிரேம்கள், அவற்றுக்கு நடுவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, முன்னால் மேஜை, மேஜைமேல் குனிந்தபடி ஒரு விளக்கு. பின்னால் திரை போட்ட ஒரு சந்து. அதற்குள் ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துப் பலகை, அலமாரியில் சோதனை லென்ஸ்கள் அடுக்கிய பெட்டி. அதைக் கண் சோதிக்கும் அறை என்றுதான் அவர் சொல்லுவார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

வேலையில் ஆள் கெட்டிக்காரர். கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூவை இடுக்கியால் எடுத்துக் குழியில் வைத்து இரண்டு திருப்பில் முடுக்கிவிடுவார். மூக்கில் படும் ரப்பர் திண்டு மஞ்சளாகிப் போயிருந்தால், கேட்காமலே பிடுங்கிப் போட்டுப் புதிதாக மாட்டுவார். காதில் மாட்டும் காம்பு வளைந்திருந்தால் சூடு காட்டி நிமிர்த்துவார். எல்லாம் முடிந்ததும் லென்ஸைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, இன்னொரு தடவை துடைத்து, வந்தவர் முகத்தில் அவரே மாட்டிவிடுவார். வந்தவர் பர்ஸை எடுப்பார். இவர் கையை ஆட்டிவிடுவார்.

“இருக்கட்டும், இது கடைக் கணக்கு.”

இந்த வார்த்தையைச் சொல்வதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நல்லது செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த ருசி உண்டு. எதிரில் இருப்பவர் “அட, வாங்கிக்கோங்க” என்பார், இவர் “சும்மா போங்க” என்பார், அவர் நன்றி சொல்லிப் படியிறங்குவார். அன்றைக்குப் புதுக் கண்ணாடி ஒன்றுகூட விற்காவிட்டாலும், அப்படி நாலு பேரை அனுப்பிவிட்டால் போதும், வீட்டுக்குப் போகும்போது நடையே வேறாக இருக்கும்.

ஆனால் அந்தப் பழக்கம் பெருமைக்காக ஆரம்பித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். சொந்தக் கடை போடுவதற்கு முன் அவர் ஒரு பெரிய கடையில் ஒன்பது வருஷம் விற்பனையாளராக இருந்தவர். ஏசி, பளபளவென்று தரை, வாசலில் கதவு திறந்துவிட ஒரு ஆள். ஸ்க்ரூ முடுக்க வந்தவர் புதுக் கண்ணாடியோடுதான் வெளியே போக வேண்டும் என்பது அந்த முதலாளியின் சட்டம். “உக்காருங்க சார், ஃப்ரீயா கண்ணையும் ஒரு தடவை பாத்துடலாமே” என்று ஆரம்பிக்க வேண்டும். பார்த்தால் பவர் கொஞ்சம் மாறித்தான் இருக்கும், யாருக்குத்தான் மாறாது? அப்புறம் லென்ஸ், பிரேம், கோட்டிங் என்று ஒவ்வொன்றாகத் தலையில் கட்ட வேண்டியதுதான். இவரும் கட்டினார். ஒருநாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், காம்பு ஆடுகிறது என்று வந்தவர், முப்பது நிமிஷத்தில் தங்கநிறப் பிரேம் ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு படியிறங்கிப் போனார். அந்த முகம் இவரை விடவில்லை. அந்த மாதமே வேலையை விட்டார்.

சொந்தக் கடைக்கு அவர் தனக்குள் போட்டுக்கொண்ட சட்டம் இது: சின்ன ரிப்பேருக்குக் காசு கிடையாது, அப்படி வந்தவரிடம் விற்கிற பேச்சும் கிடையாது. கண் சோதனை என்ற வார்த்தையைக்கூட எடுக்கமாட்டார். எடுத்தால் தூண்டில் போடுவது போல ஆகிவிடும் என்று பயம். அவர்களாகக் கேட்டால் சரி, திரையை விலக்கி உட்கார வைப்பார். கேட்காவிட்டால் வந்த வேலையோடு அனுப்பிவிடுவார். இதில் என்ன தப்பு என்று கேட்டால் எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது.

தையல்கார அக்கா எதிர் மாடியில் இருந்தார். ஜன்னலோரம் ஒரு மிஷின், சுவரில் அடித்த ஆணிகளில் தொங்கும் பைகள். அவ்வளவுதான் அவர் கடை. பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடச் சட்டைகளுக்குத் தோள் பிரித்து விடுவது என்று பெரும்பாலும் மாற்றுத் தையல்தான் எடுப்பார். கணவர் போய் வெகுகாலம். மகன் வேறு ஊரில், விசேஷத்துக்கு விசேஷம் போன் செய்கிறவன். கையும் மிஷினும் கண்ணும்தான் அவருக்குத் துணை. மூன்றில் எது போனாலும் அடுப்பு எரியாது என்பது தெருவுக்கே தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன் முதல் கண்ணாடியை இந்தக் கடையில்தான் கேட்ட காசைக் கொடுத்து வாங்கினார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார வைத்து நன்றாகவே சோதித்தார் கண்ணாடிக்காரர். குறை ஒன்றும் இல்லை, வயசுக்கு வருகிற வெள்ளெழுத்துப் பவர்தான். அதற்குப் பிறகு அக்கா வந்ததெல்லாம் ரிப்பேருக்குத்தான். இவர் எப்போதும் போல முடுக்கி, துடைத்து, மாட்டிவிட்டு, கடைக் கணக்கு என்று அனுப்பிவிடுவார்.

அக்காவுக்கு ஓசியில் வாங்கிப் பழக்கமில்லை. இரண்டாவதோ மூன்றாவதோ தடவை வந்தபோது, இவருடைய சட்டைக் காலர் நைந்திருப்பதைப் பார்த்து, கழற்றிக் கொடுங்கள், திருப்பித் தைத்துத் தருகிறேன் என்றார். இவரும் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். தைத்து வாங்கும்போது கூலியை மிஷின்மேல் வைத்துவிட்டு, அக்கா கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல் படியிறங்கி ஓடிவந்துவிட்டார். உழைக்கிற பெண்பிள்ளையிடம் சும்மா வேலை வாங்குவதா என்று அவர் எண்ணம். வீட்டில் வந்து இதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார். திரைச்சீலை தைத்தபோதும் அதே கதை. அப்புறம் அக்கா எதையும் தைத்துத் தருகிறேன் என்று கேட்பதை விட்டுவிட்டார்.

முதலில் வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வந்துகொண்டிருந்தவர், ஏழாவது எட்டாவது வருஷத்தில் மாதம் ஒரு தடவை வர ஆரம்பித்தார். எப்போதும் ஒரே கோளாறு. இடது காம்பு வளைந்திருக்கும், இடது ஸ்க்ரூ கழன்றிருக்கும். வலது பக்கம் புத்தம் புதிதாக இருக்கும். கண்ணாடிக்காரர் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்து, அதில் ஒரு தமாஷ் செய்தார்.

“என்னக்கா, கண்ணாடியோடவே தூங்குறீங்களா? அதுவும் இடது பக்கமாவே?”

அக்கா சிரித்து, ஆமாம் தம்பி, அசதியில் அப்படியே படுத்துவிடுகிறேன் என்றார். இவர் நம்பினார். நிமிர்த்திக் கொடுத்தார். அடுத்த மாதமும் அதே தமாஷ், அதே சிரிப்பு. எந்தப் பக்கம் அடிபடுகிறது என்பதை வைத்து ஆள் எந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டிய மனுஷன், தன் பங்குக்கு ஜோக் அடித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவிக்கு அந்தச் சந்தேகம் முன்பே வந்துவிட்டது. அவள் கண் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. தலையணை உறை தைக்கக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். நாலு உறையிலும் இடது ஓரத்தில் தையல் துணியை விட்டு வெளியே ஓடியிருந்தது. எடுத்துவந்து மேஜைமேல் விரித்தாள்.

“என்னங்க, அந்த அக்காவுக்குக் கண்ணு சரியா தெரியலைபோல இருக்கே. நீங்க கொஞ்சம் பாக்கக் கூடாதா?”

“நேத்துதான் டைட் பண்ணிக் குடுத்தேன்.”

“நான் கண்ணாடியைச் சொல்லலை. கண்ணைச் சொல்றேன்.”

அவங்க கேட்கட்டும், நானாகப் போய் டெஸ்ட் பண்ணிக்கோங்க என்று சொன்னால் வியாபாரம் பண்ணுகிற மாதிரி இருக்கும் என்றார். காசு வாங்காமல் பாருங்களேன் என்றாள். அது வாங்காமல்தான் பார்ப்பேன், ஆனால் அவங்க கேட்கட்டும் என்றார். மனைவி உறைகளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். இது நடந்தது அக்கா கண் போனது தெரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

தெரியவந்த நாள் காலை பதினோரு மணி இருக்கும். அக்கா படியேறி வந்தார். இடது புருவத்துக்கு மேலே வீக்கம். கண்ணாடியின் இடது லென்ஸ் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. மாடிப்படிக் கதவு பாதி திறந்திருந்ததாம், பார்க்காமல் போய் இடித்துக்கொண்டாராம். பழைய லென்ஸ் ஒன்று இருக்கும், இப்போதைக்கு மாட்டித்தருகிறேன் என்று இவர் உட்கார வைத்தார். வெட்டி, தேய்த்து, மாட்டினார். இரண்டு தடவை துடைத்தார். அன்றைக்கு மேஜையில் சாமான் நிறையக் கிடந்ததால் சுற்றிக்கொண்டு அக்காவுக்கு இடதுபுறம் வந்து நின்று, கண்ணாடியை நீட்டினார்.

அக்கா வாங்கவில்லை. தெருவை நேராகப் பார்த்தபடி, மடியில் கைவைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

இவர் நீட்டிய கை அப்படியே நின்றது. “அக்கா” என்று கூப்பிடப் போனவர் கூப்பிடவில்லை. கையைக் காதோரத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். மூக்குக்குக் கிட்டத்தட்ட நேராக வந்தபிறகுதான் அக்கா திடுக்கிட்டு, “அட, முடிஞ்சுதா தம்பி?” என்று வாங்கிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டுத் திரையை விலக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். வலது கண்ணை மூடச் சொல்லி, பலகையைப் படிக்கச் சொன்னார். எந்தப் பலகை என்று கேட்டார் அக்கா. எதிரே, சுவரில், வெளிச்சம் போட்டுத் தொங்கிய பலகை. தலையை அப்படியும் இப்படியும் திருப்பி ஒரு ஓட்டையைத் தேடுவது போலத் தேடி, மேல்வரிசையின் ஒரே ஒரு எழுத்தைப் பிடித்தார். பிடித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் இவர் லென்ஸ் பெட்டியைத் திறந்து வெறுமனே மூடினார்.

அன்று மத்தியானமே பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சொட்டு மருந்து விட்டு, கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, ஒவ்வொரு அறையாக அலைந்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பை அரித்துவிட்டது என்றார் டாக்டர். வலி தெரியாது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது. இடது கண்ணில் மிச்சம் கொஞ்சம்தான். வலது கண்ணில் பாதிக்கு மேல் இருக்கிறது, ஆயுசுக்கும் மருந்து விட்டால் அதைக் காப்பாற்றிவிடலாம். இதையெல்லாம் டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். கடைசியில் சீட்டு எழுதிக்கொண்டே, மூணு வருஷம் முன்னால் யாராவது பார்த்திருந்தால் இரண்டு கண்ணுமே நன்றாக நின்றிருக்கும் என்றார். அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. கூட வந்தவர் யார், என்ன தொழில் என்றுகூட அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் கண்ணாடிக்காரர் ஆள் பாதியாகிவிட்டார். மூன்று வருஷத்தில் அக்கா எத்தனை தடவை கடைக்கு வந்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பார், முப்பதுக்கும் குறையாது. முப்பது தடவையும் நாற்காலி பத்தடி தள்ளித் திரைக்குப் பின்னால்தான் இருந்தது. ஓரப் பார்வை தெரிகிறதா என்று ஒரு விரலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? காசு கொடுத்துச் சோதிக்க வந்த நாற்பது வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் அந்த விரலை ஆட்டிப் பார்த்தவர்தான் அவர். ஓசியில் வந்த ஒருத்திக்கு ஆட்டவில்லை. அந்தப் பெரிய கடையின் முதலாளியாக இருந்தால், பேராசைக்காகவாவது அக்காவைச் சோதித்திருப்பான், ஒரு பிரேமைத் தலையில் கட்டிக் கண்ணைக் காப்பாற்றியிருப்பான். இந்த நினைப்பு வந்த அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார்.

அக்கா மருந்துக்கும் புது இருட்டுக்கும் பழகிக்கொண்டு மெல்ல வேலைக்குத் திரும்பினார். ஜிப் வேலை வேண்டாமென்று விட்டுவிட்டார். மடித்துத் தைப்பது மட்டும், இடது கையால் துணியோரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே. வலது கண்ணுக்குப் புதுப் பவரில் கண்ணாடி வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒருநாள் கடைக்கு வந்தார். வேறெங்கும் போகாமல் இங்கேதான் வந்தார்.

கண்ணாடிக்காரர் சீட்டை வாங்கவில்லை. மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, அக்காவின் வலதுபுறமாக நின்றுகொண்டார். இரண்டு மாதமாகத் தனக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“தப்பு என்னோடதுக்கா. மாசாமாசம் வந்து என் முன்னால உக்காந்தீங்க. ஒரு தடவைகூட நான் பாக்கலை.”

அக்கா பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

“எனக்கு முன்னாடியே தெரியும் தம்பி, ஏதோ சரியில்லைன்னு. ஊசியில நூல் கோக்க வரலை. ஓரமா ஆளு வந்தா தெரியலை. ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட கேட்டுடணும்னுதான் படியிறங்குவேன்.”

“கேட்டிருக்கலாமேக்கா.”

“எப்படிக் கேக்குறது? கேட்டா காசு வாங்க மாட்டீங்க. ஏற்கெனவே எவ்வளவோ சும்மா வாங்கியாச்சு, திருப்பி ஒரு காலர் சும்மா தெச்சுக் குடுக்கக்கூட விடலை நீங்க. இன்னும் கண்ணையும் ஓசியில பாருங்கன்னு எந்த முகத்தோட கேக்குறது?”

வேறு கடைக்காவது போயிருக்கலாமே என்று கேட்டார் இவர்.

“உங்க கண்ணு முன்னாலயா? இவ்வளவு செஞ்ச மனுஷன் இருக்க, வேற கடைப் படியேறினா நீங்க என்ன நினைப்பீங்க?”

அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வெளியே மழை வருமா வராதா என்று சொல்வது போலத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நல்லவர் என்று தெரு முழுக்கப் பேர் வாங்கிய மனுஷன், தன் நல்ல குணத்தாலேயே ஒருத்திக்குத் தன் கடை வாசலையும் அடைத்து, ஊரிலிருக்கிற மற்றக் கடை வாசலையும் அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் அவருக்கு முழுசாக விளங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீட்டை வாங்கினார்.

மூன்றாம் நாள் கண்ணாடி தயாரானது. அக்கா பர்ஸைத் திறந்தார். கண்ணாடிக்காரரின் கை பழக்கத்தில் மேலே எழும்பியது. பாதியில் நிறுத்தி, கீழே இறக்கி, விரித்து நீட்டினார். லென்ஸுக்கு, பிரேமுக்கு, அன்றைக்குச் செய்த சோதனைக்கு, எல்லாவற்றுக்கும் முழு விலை சொன்னார். ஒரு பைசா தள்ளவில்லை. அக்கா நோட்டுகளைத் தடவிப் பார்த்து எடுத்து, அந்தக் கையில் வைத்தார். அக்காவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தாற்போல இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல்படிவரை போனவர் நின்றார். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்தார்.

“தம்பி, இது காதுகிட்ட அறுக்குது. நீங்க எப்பவுமே ரொம்ப டைட்டா வெக்கிறீங்க.”

“எப்பவுமேவாக்கா?”

“ஆமா, பதினோரு வருஷமா. நீங்க முடுக்கிக் குடுத்த அன்னிக்கெல்லாம் தெருவைத் தாண்டினதும் கழட்டிப் பையில போட்டுட்டுத்தான் மாடியேறுவேன், அப்புறம் தைக்கணுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு மாட்டிப்பேன். இப்பவாவது சரியா வெச்சுக் குடுங்க, காசு குடுத்திருக்கேன்ல?”

கண்ணாடிக்காரர் அவரை உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அக்காவின் காது மடலுக்குப் பின்னால் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது.